மேடைக்குப் போன பானை

அலோ… அலோ… மதுரைங்களா?… காசிராஜன் வேணும்… உங்க ஆபீஸ்ல ஸ்டோர்ல வேலை பாக்குறானே, அந்தக் காசிராஜன்… அவன் அக்கா பேசுறேன், கோகிலாம்பாள். எம்.ரெட்டியபட்டி போஸ்ட் ஆபீஸ்ல இருந்து… ஆமா, ஆமா, டிரங்க் காலுதான்… யாரும் சாகலைங்க. சும்மா கூப்பிடுங்க… இருக்கேன்… இருக்கேன்…

…ஆமாலே, நான்தான்… இல்லை, யாருக்கும் ஒண்ணுமில்லை, பதறாத… அத்தான் நல்லாத்தான் இருக்காக. வெளியே வேப்பமரத்தடியில நிக்கிறாக. நீயே பேசுன்னு என்னைய உள்ள தள்ளி விட்டுட்டாக… காலையில எட்டு மணிக்குப் பதிஞ்சது, இப்பத்தான் லைன் கிடைச்சிருக்கு. இந்தப் பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பு செத்துப் போச்சு…

ஆமா, நாடகம் விசயந்தான். வேற என்ன. நீங்க மூணு பேரும் நேத்து ஆடிட்டு, காலையில மொத பஸ்ஸைப் பிடிச்சு வேலைக்குப் போயிட்டீங்க. ஊருக்குப் பதில் சொல்ல நான்தான் அகப்பட்டேன்…

நல்லா இருந்துச்சுன்னும் சொல்றாங்க… ஆமா… நல்லா இல்லைன்னும் சொல்றாங்க. ரெண்டையும் என்கிட்டயே சொல்றாங்க. கிணத்தடியில சொல்றாங்க, கடையில சொல்றாங்க, இங்க மணியார்டர் வாங்க வந்தவங்க வாங்க மறந்துட்டுச் சொல்றாங்க. கேட்டுக் கேட்டு எனக்கு நாடகமே மறந்து போச்சு…

என்னன்னா… பொங்கலுக்கு வருசா வருசம் சாமி நாடகம் போடுற ஊரு. விடிய விடிய பாக்கலாம்னு பாயைச் சுருட்டிக்கிட்டு வந்திருக்காங்க. நீங்க ரெண்டரை மணி நேரத்துல முடிச்சு வணக்கம் போட்டுட்டீங்க. இனி எங்க போறதுன்னு பாதிப் பேரு அங்கயே படுத்துட்டாங்க… சிரிக்காத. பபூன் எப்ப வருவாருன்னு ராக்கம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. மூணு பேருமே பபூன்தான்னு சொன்னேன், நம்ப மாட்டேங்குறா…

ம்… ம்… பெறகு, கதையே இல்லைன்னு ஒரு பேச்சு. மூணு ஆம்பளைக ஒரு மாடி ரூம்ல இருக்காக, அடுப்பு எரிய மாட்டேங்குது, வாடகை கேட்டு வீட்டுக்காரரு வாராரு, திட்டுறாரு, போறாரு, இதுல என்ன நடந்துச்சுங்குறாக. அழகுத்தாய் அழுதுட்டா, தெரியுமா? எல்லாரும் சிரிக்கிற இடத்துல. பெத்தவ பாத்தா வயிறு எரியும்லன்னு மூக்கைச் சிந்துறா… வீட்டுக்காரரு தண்ணியை நிப்பாட்டுற இடத்துல பால்ச்சாமி துண்டை உதறிக்கிட்டு மேடையேறப் போனானே, பாத்தியா?… நாலு பேரு பிடிச்சு உக்கார வச்சாக.

இளவட்டங்க காலையில இருந்து அந்த ஒத்தைச் சட்டை வசனத்தையே பேசிக்கிட்டுத் திரியுதுக. ஒரே சட்டையை மூணு பேரும் மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டுப் பொண்ணு பாக்கப் போனீங்கள்ல, அது. எங்க அத்தை கூடச் சிரிச்சாகலே. நான் வாக்கப்பட்டு வந்து பதினாலு வருசத்துல அவுக பல்லை நேத்துத்தான் முழுசாப் பாத்தேன்…

சந்தோசப்படாத, இரு. இன்னும் முடிக்கலை.

சோறு. அந்தச் சோத்துக் காட்சிதான்லே வினை… ஆமா… தட்டை எல்லாம் வீட்டுக்காரரு தூக்கிட்டுப் போன பெறகு, ஒரே பானையில மூணு பேரும் கையை விட்டுத் திங்கிறீங்கள்ல… சிரிச்சாக. நானுந்தான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருக்கையில, முன்னால உக்காந்திருந்த பொங்கல் கமிட்டி ஆளுக ஒவ்வொருத்தரா நிப்பாட்டிட்டாக… ஏன்னா கேக்குற? நீங்க நெசமாத் தின்னீங்க.

இந்த ஊரு மேடையில எத்தனை விருந்து நடந்திருக்கு. ராசாவும் மந்திரியும் வெறும் பாத்திரத்துல கையை விட்டு, வெறும் வாயை மென்னுட்டு எந்திரிச்சுப் போவாக. நீ என்னடான்னா நெசச் சோறு வேணும், குழம்பு வேணும், ஆவி பறக்கணும்னு என்னையே ஆக்கித் தரச் சொன்னே. நானும் கிறுக்கச்சி, என் சீர்ப் பானையிலயே ஆக்கிக் குடுத்தேன்… ஆமா, என் தப்புந்தான். இல்லைங்கலை… குழம்பை ஊத்திப் பிசைஞ்சு, மூணு கையும் ஒண்ணா உள்ள போயிட்டு வருது. அதுல ஒரு கை இருளாண்டி கை. மதுரையில வேணா அவன் யாருன்னு தெரியாம இருக்கும். இங்க தெக்குத் தெரு பிச்சையம்மா மகன்னு பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்…

அவன் நடிப்பை ஒருத்தரும் குறை சொல்லலை. அதையும் சொல்லணும்ல. மூணு பேர்ல அவன்தான் நல்லா நடிச்சான்னு கமிட்டியிலயே சொல்றாக. நடிச்சுட்டுப் போகட்டும், எங்க வீட்டுப் பானையில கையை விட்டுத் திங்கக் கூடாது. அதான் பேச்சு.

…பானையா? பானை வந்துச்சு. அத்தை அதை வாங்கித் தொழுவத்துப் பக்கம் கவுத்திட்டாக. முந்தி பல்லைக் காட்டிச் சிரிச்ச அதே மனுசிதான். ஏழு தடவை புளி போட்டுத் தேய்ச்சாத்தான் அடுப்படிக்கு வரணும்னாக… நானா? எப்பவும் போல ஒரு தடவை தேய்ச்சேன். ஏழுன்னு சொல்லிட்டேன்.

சரி, விசயத்துக்கு வாரேன்… ஆமா… கேளு. இன்னைக்கு ரெண்டாம் நாளு இருக்குல்ல. கமிட்டிக்காரக காலையிலயே வீட்டுக்கு வந்துட்டாக. உங்க மச்சினன் நாடகம்னுதான் இடம் குடுத்தோம், இன்னைக்கும் அப்பிடித் தின்னா மேடையைப் பிரிச்சிருவோம்னுட்டாக. அத்தான் கேட்டுச் சொல்றேன்னு மட்டும் சொன்னாக… அதான், இன்னைக்குப் பானை வெறும் பானையா இருக்கணும். கையை ஆட்டிட்டு எந்திரிச்சிரணும்… சொல்லச் சொன்னதைச் சொல்லிட்டேன். நீ என்ன சொல்றே?…

…என்னது?… சரிங்குறியா?…

…இல்லை, கேக்குது. நல்லாவே கேக்குது…

இம்புட்டுத்தானா. நீ சண்டைக்கு வருவே, என்னத்தச் சொல்லி உன்னைய அமத்துறதுன்னு நாலு மணி நேரமா இந்தப் பெஞ்சுல யோசிச்சுக்கிட்டு இருந்தேன்… ம்… ம், சொல்லு… இருளாண்டி வரவே வேணாமா?… ஏன்?…

அவன் ஊருக்குப் போயிட்டான்னு ஒரு வசனத்துல முடிச்சிருவியா… எந்த ஊருக்குலே? அவன் ஊரு இதுதானே.

…

என்னது?… ஆறு நிமிசம் ஆச்சா, ஆபரேட்டரம்மா?… போடுங்க, இன்னொரு மூணு போடுங்க…

காசி. நான் அலுத்துப் போயித்தான் பேசுறேன், கோவத்துல இல்லை… தெரியும், ரெண்டு வருசமா எழுதுனது… ஆமா, ஆமா, நடக்கணும்தான்… மதுரையில நீங்க மூணு பேரும் இருக்குற ரூம்ல நீ தினமும் அவன்கூடத்தானே திங்கிறே?… அவன்தானே ஆக்குறான்?… அப்ப ரெட்டியபட்டிக்கு வந்தா மட்டும் வெறுங்கையை ஆட்டுவியா?

ஒண்ணு சொல்றேன், கேளு. காலையில பிச்சையம்மா வந்திருந்தா. பின்வாசல்ல நின்னா. ஊரே சொல்லுது, இவளும் என்னமோ சொல்லப் போறா, எம்மகனை இப்பிடி வம்புல மாட்டி விட்டுட்டீகளேன்னு கேப்பான்னு நினைச்சேன். அவ ஒண்ணுதான் கேட்டா. நான் கடைசியில நின்னேம்மா, கூட்டத்துல சரியாத் தெரியலை, அவன் நல்லாச் சாப்பிட்டானான்னு கேட்டா… நல்லாத்தான் சாப்பிட்டான்னேன். அது போதும்னு போயிட்டா. நாடகத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை.

எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆகிப் போச்சு. ஆக்கிப் போட்டவ நான். நான்ல கேட்டிருக்கணும். இந்த ஊருக்கு வந்து பதினாலு வருசத்துல அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை. நேத்து மூணு பேரும் வாசல்ல நிக்கையிலகூடப் பானையை உன் கையிலதான் குடுத்தேன்…

இல்லை, அழலை. இந்தப் போனு அப்பிடிக் கேக்குது…

அவனும் உன் ஆபீஸ்தானே, இப்ப எங்க?… பக்கத்துலயா?… இம்புட்டு நேரமும் பக்கத்துலயா நிக்கிறான்?… அடப்பாவி, நீ சரின்னு சொன்னதையும் கேட்டுக்கிட்டா?… ஓ… ஊருக்குப் போயிட்டதா வச்சுக்கிருவோம்னு அவனேதான் சொன்னானா… ம்… அவன் சொல்லுவான். சொன்னா நீ கேட்டுக்கிருவியா?

போனை அவன்கிட்ட குடு… குடுலே… இங்கயா? எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. போஸ்ட் மாஸ்டரு சீலு குத்துறதை நிப்பாட்டி நெடுநேரமாச்சு. அத்தானும் ஜன்னலுக்கு வந்துட்டாக. கேக்கட்டும். நீ குடு.

…

அலோ… இருளாண்டியா… நான் அக்கா பேசுறேன்… ஆமா, கோகிலா அக்கா… இல்லை, இல்லை. எதுக்கு மன்னிப்பு. நீ ஒண்ணும் பண்ணலை தம்பி… நேத்துக் கேக்க விட்டுப் போச்சு, அதைக் கேக்கத்தான்… சோறு எப்பிடி இருந்துச்சு?… நல்லா இருந்துச்சுன்னு ஒப்புக்குச் சொல்லாத. நெசத்தைச் சொல்லு… ம்… குழம்புல உப்பா?… கூடிப் போச்சா?…

…

சரி. சரி தம்பி… இல்லை, கோவமில்லை, எதுக்குக் கோவம். காலையில இருந்து ஊரே அந்தச் சோத்தைப் பத்தித்தான் பேசுது. உப்பு கூடுதல்னு நீ ஒருத்தன்தான் சொல்லியிருக்கே… 

சாயங்கால பஸ்ஸுல மூணு பேரும் வந்துருங்க… கமிட்டியா? மேடையைப் பிரிச்சா எங்க வீட்டு வாசல்ல உக்காந்து ஆடுங்க, அங்கேயே தின்னுங்க… அத்தானா? ஜன்னல்லதான் நிக்கிறாக. தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாக. வேணாம்னு சொல்லலை… ஆமா… ஆமா, அதே பானைதான். இன்னைக்கு உப்பைக் குறைச்சுப் போடுறேன்… அலோ… கேக்குதா தம்பி… உப்பைக் குறைச்சுப் போடுறேன்னேன்… அலோ…