மூன்று வெள்ளைக் கட்டைகளை இடம் மாற்றியது தொடர்பாக

பெயர் கம்சாயினி பத்மநாதன். வயது பதினேழு. தொழில் துப்புரவு வேலை; இம்மாதம் 13ஆம் திகதியிலிருந்து வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லப்பட்டுள்ளது. முகவரி கிரான்லியா குடியிருப்பு, மூன்றாம் கட்டடம், நான்காம் மாடி. ஒஸ்லோ எல்லையைத் தாண்டி, லில்லெஸ்ட்ரோம் போகும் ரயில் பாதையோரம். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் பதிவான நாள் 2009 நவம்பர் 20, வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.30 தொடக்கம். எனக்குப் பதினெட்டு வயது ஆகாதபடியால் என் தாயார் இந்திரா பாதுகாவலராக அருகில் இருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் திருமதி அனஸ்ரேசியா.

எனக்கு நோர்வே மொழி நன்றாகத் தெரியும். ஆனால் அந்நியர் முன்னால் அந்த மொழியில் பேசத் தொடங்கினால் பாதிச் சொற்கள் விட்டுப்போகும். மேல்நிலைப் பாடசாலையில் வகுப்பின் முன் எழுந்து நின்று பேசும் பாடங்கள் இருந்தபடியால் முதலாம் வருடத்திலேயே நின்றுவிட்டேன். இன்று ஒரு சொல்லும் தவறக்கூடாது என்பதால் தமிழில் சொல்கிறேன்.

பாடசாலையை விட்ட பின்னர் அம்மாவோடு சேர்ந்து எங்கள் உள்ளூராட்சிச் சபையான கொம்யூனின் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்து வந்தேன். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்போம். கீழ் மண்டபத்தில் எங்கள் பகுதியின் மாதிரி உருவம் ஒன்று பெரிய மேசையில் வைக்கப்பட்டிருந்தது. அதில் வீடுகள் சிறிய மரக்கட்டைகள், மரங்கள் பஞ்சு. அதன் தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுவது என் வேலை. அதில் எங்கள் நான்கு கட்டடங்களும் இருந்தன. எங்கள் சமையலறை ஜன்னல் இருக்கும் மூலையை எனக்குத் தெரியும். ரயில் பாதைக்கு மற்றப் பக்கம் தனி வீடுகளும் அவற்றின் நடுவில் ஒரு பச்சைப் புல்வெளியும் இருந்தன.

இந்த வருடம் ஜூலையில் புதிய திட்டமிடல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர், இந்தப் பிரதேசத்துக்குத் தேவையான புதிய வீடுகளில் எங்கள் கொம்யூனின் பங்கு நானூற்றிருபது என்றும், அவற்றில் பாதியைப் புல்வெளியிலும் மற்றப் பாதியை எங்கள் கட்டடங்களுக்குப் பக்கத்திலுள்ள வெற்றுக் காணியிலும் கட்டலாம் என்றும் ஒரு திட்டம் வந்தது. அயலவர்கள் செப்டெம்பர் நடுப்பகுதிக்குள் கருத்து எழுதலாம் என்றிருந்தது. அறிவித்தல் கடிதம் கட்டட உரிமையாளர்களுக்கு மட்டும் அனுப்பப்பட்டது. எங்கள் நான்கு கட்டடங்களின் உரிமையாளர் கொம்யூன். நாங்கள் வாடகைக்கு இருப்பவர்கள். ஆகவே கொம்யூன் கொம்யூனுக்கே கடிதம் எழுதித் தனக்கு அறிவித்துக்கொண்டது. எங்கள் குடியிருப்பாளர் சங்கத் தலைவர் யோகராசா மாமா உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியவந்தது.

அதன் பின்னர் யோகராசா மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்றபடியால் எங்கள் கருத்தைச் சொல்லும் கடிதத்தை நானே எழுத வேண்டும் என்றார். நான் எழுதினேன். எழுதும்போது, "தனித்தனியாய்ப் போட்டால் என்ன மாமா?" என்று கேட்டேன்.

"தனித்தனியாய் விட்டால் எங்கடை ஆக்கள் ஆளுக்கொரு கதை எழுதுவினம். ஒரே கடிதமாய்ப் போனால்தான் பலம். நீ வடிவாய் எழுது பிள்ளை, மிச்சத்தை நாங்கள் பாக்கிறம்" என்றார்.

நான் திரும்பக் கேட்கவில்லை. ஊர்ச் சங்கமாக இருந்தாலும் கோயில் சபையாக இருந்தாலும் எங்கள் ஆட்கள் எப்போதும் ஒரு கடிதம் எழுதி எல்லாரும் கையெழுத்து வைப்பதுதான் வழக்கம். நான்கு கட்டடத்துக்கும் பொதுவாகக் கீழே உடுப்புத் தோய்க்கும் அறை ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் முறை எழுதிய அட்டை தொங்கும். கடிதத்தை அந்த அட்டைக்குப் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டோம். தோய்க்க வந்தவர்கள் எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். தமிழர், சோமாலியர், பாகிஸ்தானியர், இரண்டு வயதான நோர்வேப் பெண்கள் என்று அறுபத்தொரு குடும்பம். கையெழுத்து வைக்காத வீடு ஒன்றும் இல்லை. செப்டெம்பர் 14ஆம் திகதி யோகராசா மாமா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதன் பின்னர் ஒக்டோபர் 12ஆம் திகதி திங்கட்கிழமை காலை நான் தூரிகையோடு போனபோது மாதிரி உருவத்தில் எங்கள் நான்கு கட்டடங்களும் இல்லை. அந்த இடத்தில் ஆறு உயரமான வெள்ளைக் கட்டைகள் நின்றன. புல்வெளி முழுவதும் பச்சையாகவே இருந்தது. நான் அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா பார்த்துவிட்டு, "கை வைக்காதை, வேலை போயிடும்" என்றார். நான் கை வைக்கவில்லை. அந்த ஆறு கட்டைகளின் தூசியையும் தட்டிவிட்டு வந்தேன். அன்று மட்டுமல்ல, அடுத்த நான்கு கிழமையும் தட்டினேன்.

யோகராசா மாமாவுக்குச் சொன்னேன். "அறுபத்தொரு வீட்டின்ரை கையெழுத்து அங்கை கிடக்கு, பயப்பிடாதை" என்றார்.

நவம்பர் 12ஆம் திகதி வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு அதே மண்டபத்தில் பொதுக்கூட்டம் நடந்தது. ஏறத்தாழ நூற்றிருபது பேர் இருந்தார்கள். நான் அப்பாவுக்கும் யோகராசா மாமாவுக்கும் பின்னால் கடைசிக் கதிரையில் இருந்தேன். திட்டப் பிரிவின் தலைவர் திரு. ஹோவ்லான் விளக்கினார். புதிய வீடுகள் நானூற்றிருபதும் எங்கள் கட்டடங்களை இடித்து அங்கேயே கட்டப்படும் என்றும், இப்போது வாடகைக்கு இருப்பவர்களுக்கு வேறு இடங்களில் வீடு பார்க்கப்படும் என்றும், திரும்பி வருவதற்கு உறுதி தர முடியாது என்றும் சொன்னார். மாற்றிய திட்டம் என்றபடியால் நவம்பர் 20ஆம் திகதி பிற்பகல் மூன்று மணி வரை மறுபடியும் கருத்து எழுதலாம், அதன் பின்னர் சபை வாக்கெடுக்கும் என்றார். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்போது திரையில் ஒரு பட்டியலைக் காட்டினார். தனி வீடுகளின் பக்கத்திலிருந்து வந்த கருத்துகள் முப்பத்தெட்டு. கிரான்லியா குடியிருப்பிலிருந்து ஒன்று.

அந்த முப்பத்தெட்டையும் இணைப்பாகக் காட்டினார். எல்லாம் ஒரே கடிதத்தின் பிரதிகள். மூன்றாவது வரியில் இருந்த எழுத்துப்பிழைகூட முப்பத்தெட்டிலும் இருந்தது. கீழே பெயர் மட்டும் வேறு.

யோகராசா மாமா எழும்பி நின்று, எங்கள் கடிதத்தில் அறுபத்தொரு குடும்பம் இருக்கிறதே என்று தனக்குத் தெரிந்த நோர்வே மொழியில் கேட்டார். ஒரு கடிதம் ஒரு கருத்து, இது எல்லாருக்கும் ஒரே முறை என்று ஹோவ்லான் பதில் சொன்னார். பின்வரிசையில் மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவர், "எழுதிப் பழகட்டும்" என்றார். சிலர் சிரித்தார்கள். யோகராசா மாமா திரும்பவும் கதிரையில் அமர்ந்து அப்பாவின் பக்கம் திரும்பி, "எழுதின பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்க வேணும், பத்மநாதன்" என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அதன் பின்னர் நான் எழும்பி மாதிரி உருவம் இருந்த மேசைக்குப் போனேன். யாரும் என்னை அனுப்பவில்லை. கட்டைகளின் அடியில் ஊசி இருக்கும், இழுத்தால் கழன்றுவிடும் என்று தூசி தட்டியபடியால் எனக்குத் தெரியும். ஆறில் மூன்றைக் கழற்றிப் புல்வெளியில் குத்தி வைத்தேன். திருடவில்லை, எறியவில்லை. ஒரு சொல்லும் பேசவில்லை.

எங்கள் வீடுகளின் மேல் ஆறு கட்டை நின்றபோது அந்த மண்டபத்தில் யாரும் சத்தம் போடவில்லை. புல்வெளியில் மூன்று நின்றவுடன் எழும்பி நின்று சத்தம் போட்டார்கள். மஞ்சள் மேலங்கிக்காரர், அது தங்கள் பிள்ளைகள் பனிக்காலத்தில் சறுக்கி விளையாடும் இடம் என்று கத்திக்கொண்டு வந்தார். எங்கள் நான்கு கட்டடத்திலும் எத்தனை பிள்ளைகள் என்று அவர் கேட்கவில்லை. நான் எண்ணியிருக்கிறேன். எண்பத்தேழு.

அதன் பின்னர் ஹோவ்லான் என் மணிக்கட்டைப் பிடித்தார். நான் கையை இழுத்தேன். என் முழங்கை மாதிரி உருவம் ஒட்டியிருந்த தட்டின் விளிம்பில் பட்டு, தட்டு ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்தது. அது என்னால் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். இழுத்தபோது ஹோவ்லானின் கண்ணாடி கீழே விழுந்தது. அதை மிதித்தது மஞ்சள் மேலங்கிக்காரர். முறைப்பாட்டில் நான் அடித்ததாக எழுதியிருப்பது உண்மையல்ல. மணிக்கட்டில் இருந்த அடையாளத்தை அன்று வந்த பொலிஸ் உத்தியோகத்தர் பார்த்தார். எழுதினாரா என்று தெரியாது.

இதை யார் திட்டமிட்டார்கள் என்று இன்று மூன்று தரம் கேட்கப்பட்டது. யாரும் இல்லை. ஏப்ரல் மாதம் ஒஸ்லோ நகர மையத்தில் போரை நிறுத்தச் சொல்லித் தமிழர் செய்த ஆர்ப்பாட்டங்களுக்குப் போனாயா என்றும் கேட்கப்பட்டது. போனேன், கடைசி வரிசையில் நின்றேன். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மஞ்சள் மேலங்கிக்காரர் ஏப்ரலில் எங்கே நின்றார் என்று அவரிடமும் கேட்கப்பட்டதா என்று அறிய விரும்புகிறேன்.

கூட்டத்துக்கு அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் அந்தப் புதிய திட்டமிடல் சட்டத்தை வாசித்தேன். ஐந்தாம் அத்தியாயத்தின் முதற்பிரிவு, திட்டமிடலில் பங்கெடுக்க உதவி தேவைப்படுபவர்களையும், குறிப்பாகச் சிறுவரையும் இளையவரையும் பங்கெடுக்கச் செய்வது கொம்யூனின் சிறப்புப் பொறுப்பு என்று சொல்கிறது. என்னைக் கூப்பிடுவது அவர்களுடைய கடமையாக இருந்தது. நான் அந்தக் கட்டடத்திலேயே தினமும் தரை துடைத்தேன். யாரும் கூப்பிடவில்லை.

அதன் பின்னர் ஒரு கிழமையாக உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்தேன். முறைக்கு வந்தவர்கள் உடுப்பை இயந்திரத்தில் போட்டவுடன் ஒரு தாளும் பேனையும் கொடுத்தேன். இயந்திரம் நிற்க ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் ஆளுக்கொரு கடிதம், தங்கள் சொல்லில், தங்கள் மொழியில் என்றாலும் சரி. முதலாம் கட்டடத்துச் சிவகாமி அன்ரி, "நான் கிழமைக்கு ரெண்டு தரம் தோய்க்கிறனான். அப்ப ரெண்டு எழுதலாமோ?" என்று கேட்டார்.

"ஆளுக்கு ஒண்டுதான் அன்ரி."

"அப்ப அவரையும் அனுப்பிறன். கலியாணம் கட்டின நாளிலையிருந்து இந்த அறைப் பக்கம் எட்டிப் பாக்காத மனுசன்."

யோகராசா மாமாவும் கூடையோடு வந்தார். "நான் என்ன எழுத, பிள்ளை?" என்றார். "நீங்கள் நினைக்கிறதை எழுதுங்கோ மாமா. நான் எழுதித் தரமாட்டன்" என்றேன். என் வாழ்க்கையில் பெரியவர் ஒருவருக்கு அப்படி நான் சொன்னது அது முதல் தரம். அவர் இயந்திரத்தின் மேல் தாளை வைத்து முழு ஒரு மணி நேரமும் எழுதினார்.

இன்று காலை வரை நூற்று நாற்பத்து மூன்று கடிதம் சேர்ந்தது. அவற்றில் ஒன்று என் தங்கை துஷ்யாவினுடையது. அவளுக்கு ஒன்பது வயது. கடைசி ஏழும் காலை எட்டு மணி முறைக்கு வந்தவர்களுடையவை. கொம்யூன் கட்டடத்துக்குள் போக எனக்குத் தடை. அப்பா தொழிற்சாலையில் வேலை. இந்த விசாரணை ஒரு மணி நேரம் என்று அழைப்புக் கடிதத்தில் இருந்தபடியால், முடிந்தவுடன் அம்மா கொண்டுபோவார் என்று பையை இங்கே கொண்டுவந்தோம். அது மேசைக்குக் கீழே இருக்கிறது. கடிதங்களை மூன்று மணிக்குள் கொடுக்க வேண்டும்; இப்போது நேரம் 1.20. யார் திட்டமிட்டார்கள் என்று நான்காம் தரம் கேட்கப்படுகிறது.

இந்த இடத்தில் என் தாயார் எழும்பிப் பையை எடுத்தார். பாதுகாவலர் போனால் பதிவை நிறுத்த வேண்டிவரும் என்று அதிகாரி சொன்னதை மொழிபெயர்ப்பாளர் அவருக்குச் சொன்னார். "நிப்பாட்டட்டும். நான் குடுத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பதிவு 1.25க்கு நிறுத்தப்பட்டு, அவர் திரும்பி வந்த பின்னர் 3.30க்கு மறுபடியும் தொடங்கியது.

தாயார் சொன்னதை என் வாக்குமூலத்தில் சேர்க்கும்படி கேட்டேன். சேர்க்கப்படுகிறது. வரவேற்பு மேசையில் இருந்தவர் பையை வாங்கி, "கிடைத்தது: ஒரு பை" என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா அந்தத் துண்டை வாங்கவில்லை. பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, முத்திரை இருந்த இடத்தைக் காட்டினார். அவர் குத்தினார். அம்மாவுக்குத் தெரிந்த நோர்வேச் சொற்கள் குறைவு. "என் தில்" என்று சொல்லி அடுத்ததை வைத்தார். இன்னும் ஒன்று என்று அர்த்தம். பின்னால் வரிசை வாசல் வரை நீண்டது. சிலர் ஏசினார்கள். துஷ்யாவின் கடிதத்தைச் சிறுபிள்ளையினுடையது என்று தள்ளி வைத்தபோது, நான் அதோடு இணைத்திருந்த சட்டப் பிரிவில் அம்மா விரலை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கும் குத்தினார்கள். நூற்று நாற்பத்து மூன்று தரம் "என் தில்" சொன்னதாக அம்மா சொல்கிறார். கடைசி முத்திரையில் நேரம் 14.51.

தட்டு பிளந்ததற்கு நான் பொறுப்பு. கட்டைகளை இடம் மாற்றியதற்கு வருந்துவதாக எழுதச் சொன்னார்கள். எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இது எனக்குத் தமிழில் இரண்டு தரம் வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னது சொன்னபடியே இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. இதில் அம்மாவும் கையெழுத்து வைக்கலாம் என்று அதிகாரி சொன்னார். அம்மாவுக்கு வேறு தாள் கொடுங்கள். இதில் நான் மட்டும் வைக்கிறேன். இதை ஒன்று என்று எண்ணிக்கொள்ளவும்.

(ஒப்பம்) ப. கம்சாயினி