கடைசி வண்டியின் விளக்கு

இரவு ஒன்று நாற்பது. ஆற்றுப் பாலத்துக்குப் போகிற சாலை. இரண்டு பக்கமும் ஒரு வீடு கிடையாது, ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. எட்டு மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போகின்றன. எட்டாவது வண்டியில் ஒரு மாமா...

அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள். இது என் நண்பனின் தாய்மாமாவுக்கு நடந்தது. நண்பன் வாயைத் திறந்தால் பொய். அது உங்களுக்கே தெரியும். மாமா அப்படியில்லை. அவர் வாழ்நாளில் பெரிதாகச் சொன்ன பொய் ஒன்றே ஒன்று. கதையே அந்தப் பொய்தான்.

மாமாவுக்கு லேத் பட்டறை. கல்யாணம் தட்டிக்கொண்டே போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுபோன மனிதர். பட்டறைக்கு மேலே ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். கீழே மட்டும் ராஜ மரியாதையோடு ஒரு வண்டி நிற்கும். அறுநூற்றைம்பது சிசி, இரட்டை சிலிண்டர், இருநூறு கிலோவுக்கு மேல் எடை. சனிக்கிழமை சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையை ஆரம்பிப்பார். செயினை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விடுவார். சக்கரத்தில் காற்று அளப்பார். கிளட்ச் வயரைத் தடவிப் பார்ப்பார். பெண் பார்க்கப் போகிற அன்றுகூட மனிதர் இவ்வளவு சிரத்தையாக முகம் கழுவியிருக்க மாட்டார் என்று என் நண்பன் சொல்வான்.

ஏனென்றால் வாரத்தில் அந்த ஒரு ராத்திரிதான் அவருக்கு மனிதர்கள். டெய்லர், அச்சகக்காரர், இன்னும் சிலர். எல்லோரும் கடை அடைத்துவிட்டு வண்டியைக் கிளப்பி, நூறு கிலோமீட்டர் போய், ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஊர் எல்லையில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கேதான் கலைவார்கள். மாமாவை "அண்ணே" என்று கூப்பிட உலகத்தில் அந்த ஏழு பேரை விட்டால் வேறு நாதியில்லை.

அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. உனக்குப் பின்னால் வருகிறவனின் விளக்கு உன் கண்ணாடியில் தெரிய வேண்டும். மறைந்தால் நீ திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும். கடைசி ஆள் பங்குக்கு வந்ததும் விளக்கை இரண்டு முறை அடிப்பான். எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அப்புறம்தான் வீடு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைசி ஆளாக வந்தவர் ஒரு சர்வேயர். பழைய ஒற்றை சிலிண்டர் வண்டி. அதன் முன்விளக்கு எப்போதும் இடப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கும். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டுகிற டாப்பெட் சத்தம் டக்... டக்... என்று தனியாகக் கேட்கும். "கொஞ்சம் சத்தம் இருக்கட்டும்யா, எனக்குத் துணையா இருக்கும்" என்று அவர் கேட்டதால் டாப்பெட் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி அப்படி வைத்துக்கொடுத்ததே மாமாதான்.

அவருக்கு முன்னால் போனவரும் மாமாதான்.

அந்த வாரம் மாமா வண்டியோடு வந்த பெரிய கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, உள்ளங்கை அளவில் வட்டமாக இரண்டு மாட்டியிருந்தார். பார்க்க அம்சமாக இருந்தது. அச்சகக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். ஆனால் தொண்ணூறைத் தாண்டினால் எஞ்சின் நடுக்கத்தில் கண்ணாடி ஆடும். பின்னால் எது விளக்கு, எது இருட்டு என்று தெரியாது. முதல் நாளே மாமாவுக்கு அது தெரியும். அழகுக்காக விட்டுவிட்டார்.

அன்று இரவு பங்குக்கு ஏழாவதாக மாமா வந்தார். எட்டாவது வரவே இல்லை. "எதுவரைக்கும் விளக்கு தெரிஞ்சுச்சு?" என்று எல்லோரும் கேட்டார்கள். தெரியவில்லை என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. "பாலம் தாண்டுற வரைக்கும் நல்லாத் தெரிஞ்சுச்சே" என்றார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம், பங்க் வரைக்கும் முழுக்கத் தேடினார்கள், விடிகிற வரைக்கும். சர்வேயர் பாலத்துக்கு அந்தப் பக்க வளைவில், பள்ளத்தில் கிடந்தார். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னார். மறுநாள் மாமா அந்த இரண்டு கண்ணாடிகளையும் கழற்றிப் பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்துவிட்டு, பழையதையே மாட்டிக்கொண்டார். நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மிச்சமிருந்த ஆறு பேரும் போய்விடுவார்கள். அப்புறம் அந்த ஒற்றை டம்ளர்தான் மிச்சம். சர்வேயரின் இடத்துக்குப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். கடைசி ஆளாக வருவதை மட்டும் மாமா கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடைசி ஆளின் கண்ணாடியில் எப்போதும் இருட்டுதான்.

சரி... இப்போது அந்த ஒன்று நாற்பதுக்கு வருவோம். முன்னால் டெய்லரின் சிவப்பு விளக்கு. மாமா பழக்கதோஷத்தில் கண்ணாடியைப் பார்த்தார். வெளிச்சம். ஒற்றை விளக்கு. கொஞ்சம் மஞ்சள். இடப்பக்கம் சரிந்திருந்தது.

மாமா வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைத்தது. கூட்டினார். அதுவும் கூட்டியது. பாலத்துக்கு முந்தைய வளைவு, சர்வேயர் கிடந்த அதே வளைவு வந்தது...

விளக்கு மறைந்தது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டு ஓடியிருப்பீர்கள். நானும் அப்படித்தான். மாமா வண்டியைத் திருப்பினார். மூன்று வருஷமாக அவர் மனசுக்குள் ஒவ்வொரு ராத்திரியும் திருப்பிக்கொண்டிருந்த வண்டி அது. மெதுவாகத்தான் போனார். வளைவில் மணல். முன் சக்கரம் நழுவியது. இருநூறு கிலோ அவர் காலின் மேல் சாய்ந்தது. எஞ்சின் நின்றது. சூடான சைலன்சரில் பேண்ட் கருகும் நாற்றம், அதோடு பெட்ரோல் வாடை. போன் எகிறிப் போய் எட்டடி தள்ளி விழுந்தது, திரை மேலே பார்க்க.

மாமா பயப்படவில்லை. டெய்லர் கண்ணாடியைப் பார்ப்பான். விளக்கைக் காணோம் என்றதும் திரும்பி வருவான். ஐந்து நிமிஷம், அதிகம் போனால் பத்து. எஞ்சின் ஆறுகிற சத்தம் மட்டும் டிக்... டிக்... என்று கேட்டது.

அப்புறம் பள்ளத்துக்குள்ளிருந்து யாரோ கிக்கரை உதைக்கும் சத்தம்.

ஒரு உதை. இரண்டு. மூன்றாவதில் எஞ்சின் பிடித்தது. டக்... டக்... டக்... அவர் கையால் வைத்த இடைவெளி. அவருக்குத் தெரியாதா? சரிந்த விளக்கு மேலே ஏறி வந்தது. அவர் தலைமாட்டில் ஒரு நொடி நின்றது. நனைந்த மண் வாசனை. மாமா சர்வேயரை ஒருமுறை கூப்பிட்டார். வண்டி அவரைத் தாண்டி, பாலத்தின் மேல் ஏறி, முன்னால் போனவர்களின் பின்னாலேயே போய்விட்டது.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. அவர் எட்டடி தள்ளிக் கிடந்த போனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். விடிகிற வரைக்கும் அது ஒரு தடவைகூட மினுங்கவில்லை. வலியைவிட அதுதான் மாமாவை அழவைத்தது.

காலையில் பேப்பர் கொண்டுபோகிற வேன்காரர் பார்த்து, வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஒன்பது மணிக்கு ஏழு பேரும் அலறியடித்துக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மாமா டெய்லரைத்தான் பார்த்தார்.

"என் விளக்கு மறைஞ்சது உன் கண்ணாடியில தெரியலையாடா?"

டெய்லர் விழித்தான். "மறையவே இல்லையேண்ணே. பங்க் வரைக்கும் என் பின்னாடியேதானே வந்தீங்க? ரெண்டு தடவ விளக்கடிச்சீங்க. அதப் பாத்துத்தானே எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பினாங்க?"

டெய்லரே தொடர்ந்தான்.

"நான்தான் கடைசியா நின்னேன். வெளிச்சம் கண்ணுல அடிச்சதால வண்டி சரியாத் தெரியல. நீங்க இறங்கவும் இல்ல, ஹெல்மெட்டக் கழட்டவும் இல்ல. பக்கத்துல வந்து இத என் கையில வச்சுட்டு, வந்த வழியே திரும்பிப் போயிட்டீங்க. உங்களப் பாத்தா கேக்கலாம்னு இருந்தேன்... இது எந்த வண்டியோடதுண்ணே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தான். உள்ளங்கை அளவில் வட்டமாக ஒரு கண்ணாடி. தண்டு துருப்பிடித்திருந்தது, விளிம்பில் பாசி. அச்சகக்காரர் கை நீட்டி அதை வாங்கினார். திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார்.

டெய்லரின் சட்டைப் பை நனைந்திருந்தது. ராத்திரியிலிருந்து அவன் பையிலேயே கிடந்த கண்ணாடி... அதிலிருந்து ஆற்றுத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.