ரெண்டு ஆப்பும் என் பையில

...பாத்தீங்கள்ல தம்பி? இப்ப போனாரே, செவப்புத் தொப்பி போட்ட மனுஷன்... கண்ணாடி மாதிரி பளபளன்னு ஒரு ரிவால்வரக் கொண்டாந்து நீட்டுறாரு! "ஒக்காந்து தேய் தேய்னு தேச்சேன் நேடீன்"ங்கிறாரு. அதுல பெருமை வேற! அட பாவி மனுஷா, நூத்தறுவது வருஷமா அந்த இரும்பு மேல தானா படிஞ்ச பழுப்பு அது. வாங்குறவன் அந்தப் பழுப்புக்குத்தான் காசு குடுக்கிறான். குண்டு போடுற உருளை மேல ஒரு கடற்சண்ட செதுக்கியிருக்கும், கப்பலும் பொகையுமா. அதையும் சேத்துத் தேச்சுட்டாரு! கப்பலயும் காணோம் கடலயும் காணோம்... நான் என்ன சொல்ல? "நல்லா மின்னுது, அடுப்படியில மாட்டி வைங்க"ன்னேன். மூஞ்சி சுண்டிப்போச்சு.

உக்காருங்க, உக்காருங்க. கூட்டம் மதியத்துக்கு மேலதான் வரும். செடேலியாவுல பழைய துப்பாக்கிக் காட்சிக்கு இதான் மொத தடவையா? ம்... தெரிஞ்சுது. ஒங்க மேசையில வெடிமருந்துக் குடுவையெல்லாம் முன்னாடி வச்சிருக்கீங்களே, கைய வீசிட்டுப் போற பசங்க தட்டி விட்ருவானுங்க. உள்ளாற தள்ளி வைங்க. ஆங்... அப்படித்தான்.

இங்க வர்றவங்க எல்லார்ட்டயும் ஒரு கத இருக்கும் தம்பி. துப்பாக்கி இருக்கோ இல்லியோ, கத இருக்கும். போன தடவ ஒரு அம்மா, "எங்க கொள்ளுத்தாத்தாவுக்குத் தளபதி தன் கையால குடுத்தது"ன்னு கண்ணீரோட எடுத்து வச்சாங்க. திருப்புனேன்... குழலுக்கு அடியில இத்தாலிக்காரன் முத்திர! என் கல்யாணத்துக்கு அப்பறம் செஞ்ச நகல் அது. எப்படிச் சொல்றது? "தளபதி ரொம்ப நாள் உயிரோட இருந்திருக்காரு"ன்னேன். ஹ! அந்தம்மாவுக்குப் புரியல, அவங்க வீட்டுக்காரருக்குப் புரிஞ்சுருச்சு, சிரிச்சிட்டாரு. காருல போறப்ப அவருக்கு நல்லா கெடச்சிருக்கும்.

என்ன? எது... அந்தத் துண்டு மேல இருக்கிற ரெண்டா? இல்ல தம்பி, அது விக்கிறதுக்கு இல்ல. சும்மா பார்வைக்கு. கையில எடுத்துப் பாருங்க, பரவால்ல... ஆங், குழலடியில நம்பரப் பாருங்க. இப்ப கீழ, கைப்பிடி சேர்ற சட்டத்துல பாருங்க. ஒண்ணுக்கொண்ணு சேரலல்ல? கண்ணு நல்லாத்தான் இருக்கு ஒங்களுக்கு. அந்தக் காலத்துப் படை ரிவால்வர்ல எல்லா உறுப்புலயும் ஒரே நம்பர் குத்தியிருப்பான். நம்பர வச்சுத்தான் எந்த வருஷம்னே கண்டுபிடிக்கிறோம். இது ரெண்டும் ஆயிரத்தெட்டுநூத்தி அறுபத்திமூணு, உள்நாட்டுச் சண்டைக்கு நடுவுல செஞ்சது. ஒண்ணோட நம்பரு இருபத்தேழுல முடியும், இன்னொண்ணு நாப்பத்தொண்ணுல. ஆனா இதுல சட்டம் இருபத்தேழு, குழலும் உருளையும் நாப்பத்தொண்ணு. அதுல அப்படியே மாத்தி. வயிறெரியுதா? எனக்கும்தான் எரியுது. தெனம் எரியுது!

ரைனார்ட் பயலுங்களோடது. பயலுங்க என்ன பயலுங்க, மூத்தவன் வெர்லினுக்கு எழுவதத் தாண்டியாச்சு, எளையவன் டூயேனுக்கு ஒண்ணு ரெண்டு கம்மி. பக்கத்துப் பக்கத்துப் பண்ண. நடுவுல ஒரே வேலி. அப்பன் அடக்கத்தன்னிக்கு வாய மூடுனவனுங்க, அப்பறம் ஒரு "காலை வணக்கம்" கெடையாது! மாடு வேலி தாண்டுனாகூட மாட்டுக்கிட்டதான் பேசுவானுங்க.

எதுக்குன்னு கேளுங்க. அவங்கப்பனோட தாத்தா எலியாஸு, சண்ட முடிஞ்சு நடந்தே வீடு வந்தவரு. இடுப்புல ஒரு ரிவால்வர். அது பரம்பரையா வந்துச்சு. அப்பன்காரன் பாத்தான், பொறந்தது ரெண்டும் ஆணு, துப்பாக்கி ஒண்ணு. நாளைக்கு அடிச்சுக்குவானுங்கன்னு ஏலத்துல அதே மாதிரி இன்னொண்ணு வாங்கி வச்சான். நல்ல யோசனதான்! ஆனா எது எலியாஸோடது, எது ஏலத்துதுன்னு சொல்லாமலே கண்ண மூடிட்டான். ஆளுக்கொண்ணு எடுத்தானுங்க. "நெசமானத அவன் அமுக்கிட்டான்"னு இவன். "இவன்தான் அமுக்கினான்"னு அவன். கேட்டீங்களா கூத்த! ரெண்டு பேரும் தன்கிட்ட இருக்கிறது போலின்னு அழுதுகிட்டு இருந்திருக்கானுங்க.

வசந்தத்துல வெர்லின் வந்தான். கம்பளிக் காலொறைக்குள்ள சுத்தி. "நேடீன், இது எங்க எலியாஸோடதா, ஆமா இல்லன்னு மட்டும் சொல்லு, மத்த பேச்சு வேணாம்." பக்கவாட்டுல ஒரு சின்ன ஆப்பு இருக்கும் பாருங்க, இதோ... இதத் தட்டி எடுத்தா குழல் கையோட வந்துரும். எடுத்தேன். சட்டம் ஒரு நம்பர், குழல் ஒரு நம்பர். "பாதி வேற ஆளுதுப்பா"ன்னேன். அந்த மூஞ்சியப் பாக்கணுமே... திரும்பக் காலொறைக்குள்ள போட்டுக்கிட்டுப் போயிட்டான்.

கோடையில டூயேன் வர்றான். அதே கேள்வி! சத்தியமா அதே வார்த்த! ஆப்பத் தட்டுனேன்... சட்டம் நாப்பத்தொண்ணு, குழலு இருபத்தேழு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி, இருமுற மாதிரி சமாளிச்சேன். இவனோட பாதி அவன்கிட்ட, அவனோட பாதி இவன்கிட்ட! இத்தன வருஷம் ஆளுக்குப் பாதி எலியாஸ வச்சுக்கிட்டு வேலிக்கு ரெண்டு பக்கமும் நின்னு மொறச்சிருக்கானுங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்க வீட்டுக்காரரு அதத்தான் சொன்னாரு. "அடுத்தவங்க வேலியில போய் எதுக்குக் கைய விடுற"ன்னாரு. கேட்டேனா? தனித்தனியா ஃபோனப் போட்டேன். "ஒன் குழலு கெடச்சிருச்சு, சனிக்கெழம காட்சிக்குத் துப்பாக்கியக் கொண்டா"ன்னேன் இவன்கிட்ட. அவன்கிட்டயும் அதே பாட்டு. பொய்யில்லையே?

வெர்லின் மொதல்ல வந்தான். வாங்கிப் பிரிச்சுத் துண்டு மேல பரப்பிட்டு, "போய்க் காப்பி வாங்கிட்டு வா"ன்னு அனுப்பிட்டேன். டூயேன் வந்தான். அவனுதையும் பிரிச்சு அதே துண்டுல பரப்புனேன். ரெண்டு ஆப்பையும் எடுத்து என் ஏப்ரன் பையில போட்டுக்கிட்டேன். ஆப்பில்லாம மாட்ட முடியாதுல்ல? இப்ப காப்பியோட திரும்பி வர்றான் வெர்லின்... தம்பியப் பாத்ததும் மரமா நின்னுட்டான்.

"இவனுக்கு இங்க என்ன வேல?"

"அத நான் கேக்கணும்"ங்கிறான் டூயேன். "என்னுதக் குடு நேடீன், நான் கெளம்பறேன்."

"எடுத்துக்க. எது ஒன்னுதுன்னு சொல்லு, எடுத்துக்க"ன்னேன்.

ரெண்டு பேரும் குனிஞ்சு பாக்கிறானுங்க. துண்டு பூரா இரும்பு! எது எவனோடதுன்னு சாமிக்கே தெரியாது. நம்பரக் காட்டுனேன். இது இருபத்தேழு, இதும் இருபத்தேழு, ஆனா இது அவன் கொண்டாந்தது... மெல்ல ஏறுச்சு மண்டையில. அப்பறம் டூயேன் கேக்கிறான், துண்டப் பாத்துக்கிட்டே, "அம்மாவோட அலுமினியத் தொட்டியா?"

அவ்ளோதான்! வெர்லின் காப்பியக் கொட்டிட்டான், என் மேசவிரிப்பு மேல. இவனுங்க எளவட்டமா இருந்தப்ப ஜூலை நாலாந்தேதி, சுதந்திர நாளுக்கு, அப்பன் ரெண்டையும் சுட்டுக் காட்டுவானாம். கருப்பு வெடிமருந்து துருப்பிடிக்க வைக்கும்ல, அன்னிக்கே பிரிச்சு அந்தத் தொட்டியில வெந்நி ஊத்திச் சோப்புப் போட்டு அலசணும். அலசுற வேல இவனுங்களுது. ஒருத்தன் கழுவுறது, ஒருத்தன் தொடச்சு மாட்டுறது.

"நீதான்டா தொடச்ச!"ங்கிறான் வெர்லின்.

"நீ கழுவி எல்லாத்தையும் ஒண்ணாக் குவிச்சா நான் எதப் பாத்து மாட்டுறது?"

"ஒனக்குப் பட்டாசு பாக்க ஓடணும், அதான்!"

"நீ மட்டும் எங்க போன? அந்த மார்லீஸ் பொண்ணு பின்னால..."

மண்டபமே திரும்பிப் பாக்குது. நான் என்னவோ ரெண்டு கெழத்துக்கும் சண்ட மூட்டி விட்ட மாதிரி! பாத்தா, சிரிக்கிறானுங்க. வெர்லின் கண்ணாடியக் கழட்டித் தொடைக்கிறான், மூக்கையும் சேத்து.

இதோட முடிஞ்சிருந்தா நல்லது. என் நாக்கு இருக்கே! "வாங்க, எது எலியாஸோடதுன்னும் பாத்துருவோம்"ன்னேன். வெர்லினோட சட்டத்துல ஒரு திருகு இறுகிக் கெடந்துச்சு, வசந்தத்துல அசையல. எண்ணெ விட்டு மெல்லத் திருப்புனேன். கைப்பிடி கையோட வந்துச்சு. அதுக்குப் பின்னால இருக்கிற இரும்புப் பட்டைக்கு உள்பக்கம், ஊசியால கீறுன மாதிரி, எலியாஸ் ரைனார்ட்... பேரோட மொத எழுத்து ரெண்டும்.

இருபத்தேழுதான் எலியாஸோடது. சட்டம் வெர்லின்கிட்ட. குழலும் உருளையும் டூயேன்கிட்ட.

ஐயோ, அந்த நேரம் தம்பி... சரியாச் சேத்தா ஒருத்தனுக்கு முழு எலியாஸு. இன்னொருத்தனுக்கு ஏலத்துச் சரக்கு. இப்பதான் சிரிச்சானுங்க, அதுக்குள்ள நானே திரும்பப் பிரிச்சுட்டேனேன்னு நெனச்சேன். டூயேன் அந்தக் குழலயும் உருளையயும் எடுத்தான். கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தான். அண்ணன் பக்கம் தள்ளி வச்சான்.

"ஒன்னோடதுதான் வெர்லின். எடுத்துக்க. நீதான் மூத்தவன்."

வெர்லின் தொடவே இல்ல. எழுத்தப் பாத்தான், தம்பியப் பாத்தான். என்னப் பாத்துச் சொல்றான்: "நேடீன், வந்த மாதிரியே மாட்டிக் குடு."

"என்னப்பா சொல்ற! சேந்த நம்பர்டா! வெல ரெண்டு மடங்கு..." கத்துறேன்.

"எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி"ங்கிறான். "மாட்டு."

மாட்டுனேன் தம்பி. என் வாழ்நாள்ல தப்பாச் சேத்தவன எத்தன பேரத் திட்டியிருக்கேன்! என் கையாலயே, தெரிஞ்சே, நாப்பத்தொண்ணுக் குழல இருபத்தேழுல சொருகி, ஆப்ப வச்சு அடிச்சேன். டெக்ஸஸ்காரர் ஒருத்தரு பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு, தலையில கைய வச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

அன்னிலேர்ந்து எனக்குப் புடிச்சுது சனி. எந்த ஊர்ல காட்சி போட்டாலும் ரெண்டும் ஒரே வண்டியில வந்துருது. துப்பாக்கியப் பார்வைக்கு வச்சுட்டு, என் நாற்காலி ரெண்டுலயும் ஒக்காந்துக்கிறது. வர்ற ஆள எல்லாம் நிறுத்தி, யாரு கழுவுனா, யாரு தொடச்சான்னு பஞ்சாயத்து. நான் சுட்டுக் கொண்டார பீச் பழப் பலகாரத்தக் காலி பண்ணுறது. நான் நின்னுக்கிட்டே வியாபாரம் பாக்கிறேன், முட்டி வலியோட! யாரு கூப்ட்டதுங்கிறீங்க? யாரும் இல்ல, நாந்தான். என் வாய்தான். அதும் அடுத்த மாசம் ஜாப்ளின் காட்சிக்கும் வாங்கடான்னு நேத்து நானே சொல்லிட்டேன்...

அதோ, வாசல்ல திரும்பி வர்றானுங்க பாருங்க, கைய ஆட்டிக்கிட்டு. தம்பி, ஒங்கள மடக்குனா "டூயேன்தான் தொடச்சான்"னு மட்டும் சொல்லிடாதீங்க, சாயங்காலம் வரைக்கும்... தம்பி?

அட! கடைய அப்படியே விட்டுட்டு எங்க போறீங்க? காப்பிக்கா? எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாங்க! ...இல்ல, இருங்க, மூணா வாங்கிட்டு வாங்க!