பேர் போடாத எலும்பு

...படிக்கத் தெரியாத ஆளுக்கும் புரியணும்னு தானேண்ணே படம் போடறோம்? அதப் பாத்து ஒரு தட்ட எடுத்துட்டுப் போயி சரியான ஆளு முன்னால வைக்கத் தெரியலன்னா, தப்பு யாரு மேல? என் மேலயா? நீங்களே சொல்லுங்க! ...சரி சரி, நீங்க சன்னலப் பாருங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டு வரேன். டிக்கில கத்தறது எங்க ஆடுதான். கண்டுக்காதீங்க. பிஷ்கெக்ல ஏத்துனதுலேர்ந்து நரின் போற இந்த ஷேர் கார்ல எனக்குப் பதில் சொல்ற ஒரே ஜீவன் அதுதான்.

இந்த சூரியகாந்தி வெத கொஞ்சம் எடுத்துக்கட்டுமா? ...ம்ம், நல்ல வறுவல்.

என்ன சொன்னேன்? ஆங், படம். நான் டிசைனர்ணே. பேரு குபனிச். டிசைனர்னா துணி தைக்கறவன் இல்ல. எங்க பெரியம்மா இன்னிக்கு வரைக்கும் ஊர்ல, "எங்க குபனிச் பட்டணத்துல சன்னல் திரை தைக்கறான்"னுதான் சொல்லிட்டுத் திரியுது. அதில்லண்ணே. போன்ல ஒரு ஆப்பு தெறக்கறீங்கல்ல, எந்த பட்டன் எங்க இருக்கணும், எந்த நெறம், எவ்ளோ எடம் காலியா விடணும்... அது நான். அந்தக் காலி எடம் இருக்கே, அதுக்குத்தாண்ணே நான் உசுரையே விடறது. யாரும் பாராட்டறதில்ல. காலியாத்தானே இருக்குங்கறாங்க.

நாங்க விருந்துக்குன்னே ஒரு ஆப்பு செஞ்சோம். கல்யாணம், காது குத்து மாதிரி எது வச்சாலும் எரநூறு முந்நூறு பேர் வராங்களா இல்லையா? யாரு எந்த மேசை, யாரு பக்கத்துல யாரு, யாரு வயசுக்கும் மரியாதைக்கும் எந்தக் கறியெலும்பு. எல்லாம் ஒரே தெரையில! பரிமாற ஆளுங்க கையில ஆளுக்கொரு போன். நாற்காலிய அழுத்துனா எலும்புப் படம் வரும். தட்டத் தூக்கு, வையி, போ. அவ்ளோதான். எங்க ஆபீஸ்ல எல்லாரும் கையத் தட்டுனாங்க. ஒருத்தி தவிர.

ஜிபார்குல்னு ஒருத்திண்ணே. தெரையில வர்ற வார்த்தைங்கள எழுதறவ. நாலு வார்த்த எழுத எதுக்குய்யா ஒரு ஆளு, ஒரு நாற்காலி, ஒரு பூந்தொட்டி? நான் அவ மூஞ்சிக்கு நேராவே கேட்டிருக்கேன். அவ என்ன சொல்லுவா தெரியுமா? "குபனிச், டிசைனர்னா எழுதவும் தெரியணும். நீ வரையறத ஒரு தடவை எழுதிப் பாரு. உனக்கு என்ன புரியலன்னு உனக்கே தெரியும்." யாருகிட்ட சொல்றா! எனக்கு! நான் பள்ளிக்கூடத்துல கட்டுரைக்கே படம் வரஞ்சு மார்க்கு வாங்குனவன்!

அந்த ஆப்ப மொத மொதல்ல எங்க வெச்சுப் பாக்கறதுன்னு பேச்சு வந்துச்சு. நான்தாண்ணே நெஞ்ச நிமித்திட்டு, "எங்க வீட்டுக் கல்யாணத்துலயே வைக்கலாம்"னேன். என் தங்கச்சி பெகிமாய் கல்யாணம். ஒரே தங்கச்சி. நரின்ல குடுத்திருக்கோம், நல்ல குடும்பம். மாப்பிள்ளையோட தாத்தா காசிமாலி, எம்பத்தி நாலு வயசு, தாடி இங்க வரைக்கும். அந்த ஊர்ல அவரு தும்முனா நாலு வீட்டுல ஆசீர்வாதம் சொல்லுவாங்க.

நான் உங்களுக்குச் சொல்லணுமா... ஆடு அறுத்தா ஜம்பாஷ் யாருக்குப் போவணும்? அந்த இடுப்பெலும்பு? பந்தியிலயே பெரியவருக்கு. சம்பந்தி பக்கத்துப் பெரியவர் ஒக்காந்திருந்தா பேச்சே இல்ல, அவருக்குத்தான். நம்மாளு எதையும் மன்னிப்பான், எலும்ப மாத்தி வெச்சா மன்னிக்க மாட்டான். என்னண்ணே தலைய ஆட்டறீங்க, உங்க பக்கமும் அப்படித்தானே?

சரி, காசிமாலி தாத்தா முன்னால என்ன வந்துச்சு? தோள்பட்டை எலும்பு! எவனோ நடு வயசு சித்தப்பனுக்குப் போக வேண்டியது! ஜம்பாஷ் எங்க போச்சுன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்க, நானே சொல்றேன். மாப்பிள்ளை வந்த காரை ஓட்டிட்டு வந்த டிரைவருக்குப் போச்சுண்ணே! கடைசி மேசை, கதவோரம்! அவன் பாவம் காலையிலேர்ந்து பட்டினி, கிடைச்சதுடா யோகம்னு கண்ண மூடிட்டுக் கடிச்சிட்டு இருக்கான். நாங்க ஓடிப் போயி பாக்கறதுக்குள்ள எலும்பு வெள்ளவெளேர்னு ஆயிடுச்சு.

தாத்தா சத்தம் போட்டிருந்தாக்கூடப் பரவால்லண்ணே. போடல. தட்டப் பாத்தாரு. எங்கப்பாவப் பாத்தாரு. ரெண்டு கையையும் விரிச்சாரு, மொகத்தத் தடவுனாரு, "ஓமின்"னாரு.

ஓமின் சொல்லியாச்சுன்னா பந்தி முடிஞ்சுதுல்ல? எந்திரிச்சாகணும்ல? எரநூத்தம்பது பேரு! மொத வாய் இப்பத்தான் உள்ள போயிருக்கு! வாயில கறியோட எல்லாரும் மொகத்தத் தடவிட்டு எந்திரிக்கறாங்க. துப்பவும் முடியாம முழுங்கவும் முடியாம எங்க மாமா ஒருத்தர் நின்ன நெலைய நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன். சம்பந்தி சனம் மொத்தமும் வரிசையா வாசலுக்கு நடக்குது. பெகிமாயும் கூடவே போறா. போகத்தானே வேணும், கட்டிக்குடுத்தாச்சே. கதவுகிட்ட திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தாண்ணே... விடுங்க.

இருவது நாளாச்சு. அவள எங்க வீட்டுக்கு அனுப்ப மாட்டேங்கறாங்க. நாங்களும் அந்த வாசப்படிய மிதிக்கக் கூடாதாம். நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கறா, எழுதுனா பதில் இல்ல. எங்கம்மா அவ ரூம்ல போயி போயி ஒக்காந்துக்குது. நேத்து எங்கப்பா சொல்லிட்டாரு: "பெரியவருக்குப் போட ஒரு நல்ல நீள அங்கி வாங்கியாச்சு, ஆடு வாங்கியாச்சு. போயி மன்னிப்புக் கேளு. ஆனா எழுதிக் கொண்டு போ. நீ பாட்டுக்குப் பேச ஆரம்பிச்சா மிச்சம் இருக்கற ஒறவும் எந்திரிச்சுப் போயிடும்." நான் என்னவோ ஓயாம பேசறவன் மாதிரி!

இன்னொரு பிடி வெத... நன்றிண்ணே.

அந்தப் பரிமாற ஆளுங்களச் சொல்லணும்! பட்டணத்துல பொறந்து ரொட்டிக்கடையில வளந்ததுங்க. ஆட்ட முழுசாப் பாத்ததே இல்ல. எலும்புன்னா எலும்புன்னு தூக்கிட்டுப் போகுதுங்க. சமையக்காரன் ஒருத்தன் இருந்தானே, தட்டத் தரும்போது "இது ஜம்பாஷ்"னு வாயத் தெறந்து சொன்னா முத்தா உதிந்துரும்? கேட்டா, "போன்ல வருதுன்னு சொன்னீங்களே, நான் எதுக்குச் சொல்லணும்"ங்கறான். ப்ரோக்ராம் எழுதுனவன் கிட்ட போனேன். "நீ குடுத்த படத்தத்தான் வெச்சேன்"ங்கறான். ஆளாளுக்குக் கைய விரிக்கறாங்க! ஆடு ஒண்ணுதான் பாக்கி, அதையும் கேட்டிருப்பேன், அறுத்தாச்சு.

அட, லெட்டரப் பத்திச் சொல்லல பாருங்க. மூணு எழுதிருக்கேன். படிக்கறேன், எது நல்லாருக்குன்னு சொல்லுங்க. இருங்க, டொக்குனு கார் குதிக்குது... ம். மொத லெட்டர். "கடந்த நிகழ்ச்சியில் ஏற்பட்ட எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு காரணமாகத் தங்களுக்கு நேர்ந்திருக்கக்கூடிய சிரமத்திற்கு வருந்துகிறோம்." எப்படி? ...என்ன மொகத்தச் சுளிக்கறீங்க, பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கி மாதிரி இருக்கா? எங்கப்பாவும் அதான் சொன்னாரு. "எந்த பஸ்ஸு லேட்டு?"ன்னு கேட்டாரு.

சரி, ரெண்டாவது. "மலை போன்ற மாண்பும் கடல் போன்ற கருணையும் கொண்ட பெரியவர் அவர்களே, பரிமாறியவர்களின் அறியாமையையும் சமையற்காரரின் அலட்சியத்தையும் தாங்கள் பொறுத்தருளி..." ...சிரிக்காதீங்கண்ணே. கடல நம்ம எங்க பாத்தோம்னுதானே? சும்மா ஒரு எடுப்புக்குப் போட்டேன்.

மூணாவதுதான் என் நெஞ்சுக்குப் புடிச்சது. பாருங்க, தாளப் பாருங்க. தடவிப் பாருங்க. ஓரத்துல எவ்ளோ எடம் விட்டிருக்கேன்! மேல இந்தச் சின்னக் கொம்பு கோலம், நானே வரஞ்சது. நாலு மணி நேரம்! எழுத்து வடிவம் மட்டும் பதினேழு பாத்து இத எடுத்தேன். ...என்ன எழுதிருக்குன்னா தேடறீங்க? எழுதலண்ணே இன்னும். எழுத எடம் விட்டிருக்கேன்.

எழுத ஒக்காந்தா ஒண்ணும் வர மாட்டேங்குதுண்ணே. வரையறதுன்னா கை தானா போகுது. எழுதப் போனா... யாரு என்ன பண்ணாங்கன்னு சொல்லியாகணும். படத்துல அந்தத் தொல்லை கெடையாது பாருங்க. ஒரு எலும்பப் போட்டா எலும்பு. யாரு வெச்சா, யாரு எடுத்தான்னு எலும்பு சொல்லுமா?

...என்ன கேட்டீங்க? அட, வாயத் தெறந்துட்டீங்களே! ...அந்தப் படத்துக்குக் கீழ பேரு போட்டிருந்தா ஆகியிருக்காதேன்னா?

போட்டிருந்தாண்ணே.

ஜிபார்குல் போட்டிருந்தா. ஒவ்வொரு எலும்புக்கும் கீழ. "ஜம்பாஷ். பந்தியின் மூத்தவருக்கு மட்டும். சந்தேகம் இருந்தால் சமையற்காரரைக் கேளுங்கள்." சின்னதா, சாம்பக் கலர்ல, ஒழுங்காத்தான் இருந்துச்சு.

அது... அதாவது... தெரைய நெரிச்சுதுண்ணே. படத்தச் சுத்தி நான் விட்ட காலி எடத்துல வந்து குந்திக்கிச்சு. அழகா ஒரு ரூம் கட்டி வெச்சிருக்கீங்க, நட்ட நடுவுல ஒருத்தன் சாக்கு மூட்டைய வெச்சா எப்படி இருக்கும்? கல்யாணத்துக்கு மொத நாள் ஒக்காந்து எடுத்துட்டேன். யாருகிட்டயும் கேக்கல. ஜிபார்குல் லீவு. எல்லாப் படத்துக்கும் கீழ இருந்ததையும் எடுத்துட்டேன். எடுத்துட்டுப் பாத்தா, ஆகா, என்னா அழகு தெரியுமா! நானே எனக்குத் தட்டிக் குடுத்துக்கிட்டேன்.

...நடுவுல ஒண்ண விட்டுட்டேன். சொல்லிடறேன், ஆரம்பிச்சாச்சு. இடுப்பெலும்ப நான் வரையவே இல்லண்ணே. தோள்பட்டைய வரஞ்சேன். நல்லா வந்துச்சு. அதையே தலகீழாத் திருப்பி, இடுப்புன்னு வெச்சுட்டேன். ரெண்டும் பட்டையாத்தானே இருக்கு, எவன் பாக்கப் போறான்னு. கீழ பேரு இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரியல. பேர எடுத்ததும் ரெண்டும் ஒண்ணு. அந்தப் பரிமாற ஆளுங்க பாவம் என்ன பண்ணுவாங்க? நானே தெரையப் பாத்துச் சொல்ல முடியாது. ஜிபார்குல் சொன்ன மாதிரி ஒரு தடவ, ஒரே ஒரு தடவ நான் என் கையால எழுதிப் பாத்திருந்தா, இதுக்கு என்ன எழுதறதுன்னு அங்கயே முழிச்சிருப்பேன்.

இத இன்னும் யாருகிட்டயும் சொல்லல. அப்பாவுக்குத் தெரியாது. ஆபீஸ்ல தெரியாது. ஜிபார்குலுக்கு மட்டும் தெரியும், அவ எழுதுனதுதானே. அதுதான் இன்னும் மோசம்.

...ஆங்? இதையே எழுதவா? இதப் போயி எப்படிண்ணே... எம்பத்தி நாலு வயசுப் பெரியவர் முன்னால... பேனா இருக்கு, பேனாவுக்கு என்ன. சரி. சரி, கார் ஆடாம இருந்தா... "காசிமாலி தாத்தா, எலும்புப் பேர அழிச்சது நான்தான். அழகா இருக்கணும்னு அழிச்சேன். உங்களையும் பெகிமாயையும் நெனச்சே பாக்கல. மன்னிச்சிடுங்க. குபனிச்."

அவ்ளோதானா? அவ்ளோதான் போல. வேற என்ன இருக்கு?

பாருங்கண்ணே. கோணல் மாணலா ஒரு லெட்டர். வரியெல்லாம் கீழ எறங்குது. இத நான் என் ஆபீஸ்ல யாருக்காவது காட்டுனா... இருங்க, பெகிமாய்க்கு ஒரு போட்டோ புடிச்சு அனுப்பறேன். பதில் போட மாட்டா. போடாட்டியும் போகட்டும், பாக்கட்டும்.

...

அண்ணே. அண்ணே! பதில் போட்டிருக்கா! இருவது நாள் கழிச்சு! இருங்க, படிக்கறேன். "இதையே படி. மாத்தாத. நான் வாசல்ல நிக்கறேன், நீ வந்தா சேந்து உள்ள போலாம்." ...

ஒண்ணுமில்லண்ணே. அழுகை வருது, அவ்ளோதான். வாசல்ல நிக்கறாளாம். இந்தக் குளிர்ல, கிறுக்கி.

இன்னொரு வரி இருக்கு, இருங்க. "கூட ஒரு வார்த்த பேசாத." பாத்தீங்களா கொழுப்ப! அப்பாவும் இதையே சொல்றாரு, இவளும் இதையே சொல்றா! நான் என்னிக்குண்ணே அதிகமாப் பேசிருக்கேன்? கேட்டதுக்குப் பதில் சொல்றவன், அவ்ளோதானே? பிஷ்கெக்லேர்ந்து உங்க கூடத்தானே வரேன், நீங்களே சொல்லுங்க, நான் தேவையில்லாம ஒரு வார்த்த... இப்பப் பாருங்க, சின்ன வயசுல ஒரு தடவ இவ என்ன பண்ணா தெரியுமா, எங்க சித்தி வீட்டுல ஒரு குதிரை இருந்துச்சு, அதுக்கு ஒரு கண்ணு... டிரைவரண்ணே, ஏன் நிறுத்தறீங்க? யாரு எறங்கறா? ...அட, நீங்களா? அண்ணே! நரினுக்குத்தானே ஏறுனீங்க! இது டோலோன் கணவாய்ண்ணே, இங்க ஊரு கெடையாது, வீடு கெடையாது, வெறும் மலைதான் இருக்கு! அண்ணே!