பதினைந்து கிலோ கூடுதல்

காலையில் வேலைக்கு வந்ததும், கைப்பிடியின் பலத்தை அளக்கும் அந்தக் கருவியில் பத்து கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பேன், ஐயா. முள் பத்தில் நின்றால்தான் எனக்குத் தேநீர். பதினான்கு வருடப் பழக்கம்.

கட்டட நிறுவனத்தின் மருத்துவ அறை அது. உயரத்தில் வேலை செய்கிறவர்கள் வந்து கருவியின் கைப்பிடியை மூன்று முறை இறுக்குவார்கள். நான் எண்ணைப் படிப்பேன், டாக்டர் கையெழுத்துப் போடுவார். மூன்று எண்ணும் ஒட்டி வந்தால் உண்மை. ஏறி இறங்கினால் நடிப்பு. அது அவருக்கு வேதவாக்கு.

என் தங்கை அங்கே பெயின்ட் அடித்தவள். அவளுக்கு இருபத்திரண்டு, பதின்மூன்று, பதினெட்டு என்று வந்தது.

"பிடிச்சது தானா நழுவுதுண்ணா," என்றாள் என்னிடம்.

"நடிக்காதம்மா. லீவு வேணும்னா நேரா கேளு," என்றார் டாக்டர்.

நான் மூன்று எண்ணையும் எழுதி நீட்டினேன், வேலைக்குத் தகுதி என்று அவர் கையெழுத்துப் போட்டார். நான்காம் நாள் ஏழாவது மாடிச் சாரத்தில் அவள் கை நழுவியது. தசைநோயாம், பிடிக்கப் பிடிக்கப் பலம் வடிந்துவிடுமாம். பிறகுதான் சொன்னார்கள். துக்கம் விசாரிக்க வந்த டாக்டர், "மெஷின் பொய் சொல்லாதுப்பா," என்றார்.  

கருவிக்குள் ஒரு திருகு உண்டு. அதைத் திருப்பினால் முள் பதினைந்து கிலோ கூட்டிக் காட்டும். டாக்டருக்கு ஞாயிறுதோறும் கயிறு பிடித்துப் பாறை ஏறும் பித்து. மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஐந்து மாதம் சும்மா இருந்தவர், ஒருநாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கினார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு.

"எனக்கென்னவோ கை இன்னும் சோர்வாத்தான் இருக்கு."

"மெஷின் பொய் சொல்லாது டாக்டர்."

சிரித்துக்கொண்டே போனார். அந்த ஞாயிறு பாறையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்ட மற்ற ஒன்பது பேருக்கு வருகிறேன். எடைக்கல்லுக்கு வியர்க்காது, நடுங்காது. மனிதக் கைக்கும் அதே பதினைந்து கூடுமா, டாக்டர் அதை நம்பிக் கையெழுத்துப் போடுவாரா என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டியிருந்தது. அதனால் திருகைத் திருப்பிவைத்து, தளர்ந்த கைகளாகப் பார்த்து ஒன்பது பேரை மூன்று மாதத்தில் சாரத்துக்கு அனுப்பினேன். மூன்று பேர் விழுந்தார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

ஒரே ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு மனித உயிரோடு விளையாட, நான் என்ன அந்த டாக்டரா, ஐயா?