முத்துப்பார் இங்கே இல்லை

கஸ்பார்: கடலுக்கு அடியில வெறும் மணலு சார். ஒரு சிப்பிகூட இல்ல.

சுந்தர்சிங்: நல்லா பாத்தீங்களா அண்ணாச்சி?

கஸ்பார்: சங்கு குளிச்சே வளந்தவன்ட்ட இப்படிக் கேக்கீங்க... சிப்பி ஒட்டிக் கிடக்குத முத்துப்பாரு இங்கன இல்ல. உங்க கணக்குதான் எங்கயோ போயிட்டு. நான் செத்த நேரம் தலைய சாய்க்கேன்.

ஜெயசெல்வி: கரையில கோபுரத்தையும் லைட் ஹவுசையும் வச்சு எடுத்த கோணம் சரிதான சார்?

சுந்தர்சிங்: கோணம் சரிதான்.

ஜெயசெல்வி: அப்ப தூரக் கணக்குதான். புள்ளிக்குப் பின்னால உள்ளத எங்கன வெட்டி முழு எண்ணாக்குனீங்க?

சுந்தர்சிங்: ஒவ்வொரு படியிலயும்.

ஜெயசெல்வி: ஒவ்வொரு படியிலயுமா...

சுந்தர்சிங்: துளிதான. பெருக்கும்போது கொஞ்சம், வகுக்கும்போது கொஞ்சம்...

ஜெயசெல்வி: அந்தக் கொஞ்சமெல்லாம் சேந்துதான் படகு இங்கன நிக்குது. கடைசி வரைக்கும் தசமத்தோட போட்டு, விடைய மட்டும் முழுசாக்கணும். நாசரேத்து ஸ்கூல்ல எங்கப்பாட்ட படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியும்.

சுந்தர்சிங்: எனக்கும் தெரியும்.

ஜெயசெல்வி: பெறவு?

சுந்தர்சிங்: ...புதுத் துறைமுகத்துல கல்லு கொட்டுத சத்தம் கேக்குதா? இவ்வளவு தூரத்துல அது ஏதோ தாலாட்டு மாதிரி இருக்கு.

ஜெயசெல்வி: பேச்ச மாத்தாதீங்க.

சுந்தர்சிங்: அலையே இல்ல. கடலும் தூங்குது, அண்ணாச்சியும் தூங்குதாரு. பேசாம இப்படியே மிதந்துக்கிட்டு இருக்கலாம்.

ஜெயசெல்வி: சார்...

சுந்தர்சிங்: இதுதான் கடைசி முத்துப்பாரு. இது கிடைச்சிட்டா சர்வே முடிஞ்சுது. நீங்க மண்டபம் ஆபீசுக்குப் போயிருவீங்க.

ஜெயசெல்வி: ஆர்டர்தான் வந்துட்டே.

சுந்தர்சிங்: அதான்... கணக்கு தப்புனா இன்னொரு நாள் வரலாம்லா. இதே படகு, இதே காத்து. நீங்க அங்கன உக்காந்து, பறக்குத முந்தானைய ஒரு கையால பிடிச்சுக்கிட்டு...

ஜெயசெல்வி: பாவம் அண்ணாச்சி. சும்மா முங்கி எந்திரிச்சிருக்காரு.

சுந்தர்சிங்: அதுதான் மனச உறுத்துது. ...கோவமா?

ஜெயசெல்வி: அந்தக் கணக்கு நோட்ட இங்க குடுங்க.

சுந்தர்சிங்: இந்தாங்க. நாளைக்கு ஒழுங்கா போட்டுருதேன். வேணும்னா நீங்களே ஒவ்வொரு படியா சரிபாத்துருங்க.

ஜெயசெல்வி: நேத்தும் நான்தான சார் சரிபாத்தேன். நீங்க முழுசாக்குன இடத்த எல்லாம் பாத்துட்டுத்தான் டிக் போட்டேன்.