காவின் வேனுக்கு நான்கு டயர்

ஜூலை மாதம், சாயங்காலம் ஐந்தரை மணி. மில்டுராவில் அது குளிர்காலம், அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டது. ஆரஞ்சுத் தோட்டத்துச் சாலையில் ஒரே ஒரு வேன்... எதிரே ஒரு விளக்குகூட இல்லை.

ஓட்டியவன் கல்தாவ். நம்மோடு பழம் பறிக்கிற யாத்தியின் அத்தை மகன், நம்மைப் போலவே வனுவாட்டுத் தீவிலிருந்து இந்த வேலைக்கு வந்தவன். விடியற்காலையில் பதினோரு பேரை ஏற்றிப் போகும் வேலையும் அவனுக்குத்தான். அன்றைக்கு வேன் காலி. மொட்டையாகிப்போன நான்கு டயரையும் மாற்றப் போனான். கார் டயர் போதும் என்று சொல்லியிருந்தான், நம்மையெல்லாம் கூட்டி வந்த காவின்.

முந்தின வருஷமும் காவின் அப்படித்தான் கார் டயர் போட்டான். டயர் வெடித்து ஏழு பேரைக் கொன்றான். ஆமாம், கொன்றான். விபத்து என்று எழுதினவர்கள் எழுதிக்கொள்ளட்டும்! ஏழில் ஒருத்தி என் தங்கை லெய்மாரா. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தாள்.

டயர் கடையில் ரப்பர் நாற்றம். கடைக்காரர் லைல் குனிந்து பார்த்தார். பின் டயர்கள் அமுங்கிக் கிடந்தன.

"ஆளுங்கள இறக்கிடுப்பா. இத்தன பேரை வச்சுக்கிட்டு ஜாக்கி போட முடியாது."

"யாரும் இல்லண்ணே."

லைல் பக்கக் கதவைத் திறந்தார். காலி... ஈர மண் வாசனை மட்டும் வந்தது. மெதுவாக மூடினார்.

"கார் டயர் நான் தர மாட்டேன். மெலிசு, இந்தக் கனம் தாங்காது. லோடு டயர்தான்."

கல்தாவ் போன் போட்டான். கால் மணி நேரத்தில் காவினே வந்து கல்தாவ் மேல் பாய்ந்தான்.

"பெரிய இன்ஜினியர் இவரு! சொன்னதப் போடு. இல்ல, நாளைக்கே ஊருக்கு மூட்டை கட்டு!"

கல்தாவின் பெண்டாட்டிக்கு அது எட்டாவது மாசம். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வீடே இருந்தது. ஆனாலும் சாவியை நீட்டிவிட்டான்.

"கட்டுறேன் பாஸ். கார் டயர்ல எங்க ஆளுங்கள ஏத்த மாட்டேன்."

காவின் வேனைத் தானே எடுத்துக்கொண்டு போனான், வேறு கடை தேடி. தனியாக.

இரவு முழுக்க அவன் வரவில்லை. காலை நாலரைக்கு நாங்கள் வேலைக்கு நிற்கும்போது வேன் ஊர்ந்து வந்தது. காவின் ஸ்டியரிங்கை விடவில்லை.

"மொதல்ல... அவங்கள எறங்கச் சொல்லு..."

மூட்டையோடு நின்ற கல்தாவ் பக்கக் கதவை இழுத்தான். கிறீச்... வேன் ஒரு விரல் அளவு உயர்ந்தது. மறுபடி கிறீச். எண்ணினோம். ஆறு முறை. அதோடு நின்றுவிட்டது.

அன்றைக்கே நான்கு லோடு டயர் வந்தது. எங்கே போயிருந்தது அந்தப் புத்தி, என் தங்கை இருந்தபோது?

இப்போது காவின் வேனைத் தொடுவதில்லை. தன் காரில்தான் வருகிறான், தனியாக. சாவியைத் திருப்பியதும் கிணிங்... கிணிங்... பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் அடிக்குமே, அந்த மணி. எட்டி, காலி சீட்டுக்குப் பெல்ட் மாட்டுகிறான். அப்புறம்தான் நிற்கிறது.

நேற்று கிட்டே போய்ப் பார்த்தேன். பெல்ட் சீட்டில் படியவில்லை... ஓர் ஆள் பருமனுக்கு முன்னால் தள்ளி நின்றது.